பொலேரோ பின்னாடி உக்காந்துடுச்சா? கமான் கட்டைல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத பாருங்க

டென்ட்டு, அடுப்பு, தண்ணி கேன், டீசல் கேன்னு எல்லாத்தையும் ஏத்திட்டு கெளம்புனா வண்டி மூக்க தூக்கிட்டு பின்னாடி உக்காந்துக்கும், ராத்திரில எதிர்ல வர்றவன் பூரா நாம ஹைபீம்ல வர்றோம்னு நெனச்சு லைட் அடிப்பான். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஸ்டீரிங் மிதக்குற மாதிரி இருந்துச்சு பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது.

உடனே ஷாக் அப்சார்பர மாத்தாதீங்க. நான் மாத்துனேன், காசு போனதுதான் மிச்சம். வெயிட்ட தாங்குறது கமான் கட்டை (பின் வீலுக்கு மேல அடுக்கடுக்கா இருக்குற இரும்பு பட்டைங்க, லீஃப் ஸ்பிரிங்), ஷாக் அப்சார்பர் ஆட்டத்த அடக்குறதோட சரி.

சமமான தரையில நிறுத்தி பின் வீல் நடுவுல இருந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் புடிங்க, காலியா ஒருக்கா, லோடோட ஒருக்கா, ரெண்டு பக்கமும். காலி வண்டியே ஒரு பக்கமா சாஞ்சிருந்தா பட்டை ஒடஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. அப்புறம் லோடோட எடை மேடைக்கு போயி மொத்த எடையும், பின் வீல மட்டும் மேடையில ஏத்தி அந்த எடையும் எடுங்க. கம்பெனி சொன்ன அளவ தாண்டியிருந்தா சாமான எறக்குறத தவிர வேற வழி இல்ல, ஏன்னா புதுசா கட்டை போட்டாலும் ஆக்ஸிலும் பிரேக்கும் அதே பழசுதான்.

இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. பொலேரோ வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம், 2680 மி.மீ., பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னாடி 100 கிலோ வச்சா பின் ஆக்ஸில்ல ஏறுறது 137 கிலோ, முன்னாடி 37 கிலோ கொறையும், ஸ்டீரிங் மிதக்காம என்ன செய்யும்? 20 லிட்டர் கேன்ல தண்ணி மட்டுமே 20 கிலோ. கேனையும் டூல் பாக்ஸையும் முன் சீட்டுக்கு ஒட்டி பின்னால கட்டுங்க, நான் இத பண்ணதுலயே பாதி உக்காரல் போச்சு.

அதுக்கப்புறமும் உக்காந்தா, தெனமும் லோடு இருக்குற வண்டிக்கு பட்டறையில ஒரு பட்டை சேத்துக்கலாம். வருசத்துக்கு ரெண்டு ட்ரிப்புக்காக சேத்தீங்கன்னா மிச்ச நாளெல்லாம் காலி வண்டி தூக்கி தூக்கி போடும், இடுப்பு போயிரும். புது தார் மாதிரி பின்னாடி காயில் ஸ்பிரிங் இருக்குற வண்டின்னா காயிலுக்குள்ள வைக்கிற ஏர் பேக் தோதா இருக்கும், லோடுக்கு காத்த ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம்.

பழைய பட்டைய நெருப்புல காட்டி வளைச்சு தர்றேன்னு சொன்னா வேணாம்னுருங்க, திரும்ப முறையா பதம் ஏத்தலன்னா சீக்கிரமே படுத்துரும். பட்டைய ஆக்ஸிலோட சேத்து புடிக்கிற யூ போல்ட் புதுசு போட சொல்லுங்க. கமான் கட்டை முனைய சேஸிஸோட இணைக்கிற சேக்கிள் போல்ட்ட வண்டி தரையில நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கணும், ஜாக்கில தொங்கும்போது முறுக்குனா அதுல இருக்குற ரப்பர் புஷ் கிழிஞ்சிரும். சில வண்டில ஆக்ஸில்ல இருந்து ஒரு ராடு பிரேக் வால்வுக்கு போகும், பின்னாடி ஒசத்துனதும் அது வண்டி காலின்னு நெனச்சு பின் பிரேக்க கொறைச்சுரும், அத செட் பண்ணாம ரோட்டுல எடுக்காதீங்க. 500 கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்ட இன்னொருக்கா டைட் வச்சுட்டு, அப்படியே ஹெட்லைட்டயும் செட் பண்ணிருங்க.