ரயில் மாடல் கண்காட்சிக்குக் கிளம்புகிறீர்களா? மேசையை அளந்தாயிற்றா?

கேமராவுக்காக வாங்கிய உலர்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு ஷின்கான்சென் மாடல் பெட்டிகள் நிற்கின்றன. வாங்கி எட்டு வருடமாகிறது, ஓர் அங்குலம்கூடத் தாமாக நகர்ந்ததில்லை. நகரவும் செய்யாது. நான்கில் எதிலும் மோட்டார் கிடையாது.

தோக்கியோவில் ஒரு ரயில் மாடல் கண்காட்சியில் வாங்கியது. அடிமாட்டு விலை. கடைக்காரருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானிய மொழி வராது. இருவரும் சிரித்துக்கொண்டே கணக்கை முடித்தோம். புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்து கண்ட்ரோலரைத் திருப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. ஜப்பானில் நீளமான ரயில்களை இரண்டு தொகுப்பாக விற்பார்கள். மோட்டார் பொதுவாக அடிப்படைத் தொகுப்பில்தான் இருக்கும். நீளம் கூட்டுவதற்கான கூடுதல் பெட்டிகள் தனித் தொகுப்பு. அதன் பெயர் ‘ஸோகெட்ஸு’. மோட்டார் உள்ள பெட்டிக்கு ‘டோர்யோகுஷா’ என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் எழுத்தில் எப்படி இருக்கும் என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போயிருந்தால் போதும். நான் போகவில்லை.

இதைச் சொல்லக் காரணம், கண்காட்சியில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அங்கே போய்ப் பணம் கட்டுவதுதான் மிச்சம்.

முதலில் அளவு. அசலைவிட மாடல் எத்தனை மடங்கு சிறியது என்பதுதான் ஸ்கேல்; என், எச்ஓ, ஓஓ எல்லாம் அவற்றின் பெயர்கள். என்-ஸ்கேலில் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர், எச்ஓ-ஸ்கேலில் 16.5 மில்லிமீட்டர். (“என் ஸ்கேல்” என்று நான் சொல்லப்போய், “சரி, உங்க ஸ்கேல்தான், யாரும் எடுத்துக்க மாட்டாங்க” என்றார் என் மாமியார்.) அகலம் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிடும் என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. பிரிட்டிஷ் ஓஓ மாடல்கள் அசலில் 76இல் ஒன்று; ஐரோப்பிய எச்ஓ 87இல் ஒன்று. இரண்டும் ஒரே 16.5 தண்டவாளத்தில் ஓடும். ஆனால் ஐந்தே முக்கால் அடி மனிதரை ஓஓவில் செய்தால் 23 மில்லிமீட்டர், எச்ஓவில் 20. ஒரே நடைமேடையில் நிறுத்திப் பாருங்கள், அப்பாவும் மகனும் போல இருப்பார்கள். என்-ஸ்கேலிலும் இதே கதைதான்: ஐரோப்பாவில் 160இல் ஒன்று, பிரிட்டனில் 148இல் ஒன்று. ஜப்பானில் சாதாரண ரயில்கள் 150இல் ஒன்று, ஷின்கான்சென் மட்டும் 160இல் ஒன்று. எல்லாமே 9 மில்லிமீட்டரில் ஓடும். ரயில் மட்டும் ஓடினால் போதும் என்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. நிலையம், மனிதர்கள், தெருவிளக்கு எல்லாம் வைத்து ஊர் கட்ட ஆசைப்படுபவர் ஒரே ஸ்கேலைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தஞ்சோங் பகார் நிலையத்தை மாடலாகச் செய்ய வேண்டும் என்ற கனவோடு கண்காட்சிக்குக் கிளம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனபோது அங்கே நின்ற யாருக்கும் அந்த ஆசை வரும். அந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். எச்ஓவில் அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும், எச்ஓ-எம் என்பார்கள். சாதாரண எச்ஓ தண்டவாளப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் மலேசியாவின் கேடிஎம் வண்டி எம்ஆர்டி பாதையில் நிற்கும். எம்ஆர்டி 1435 மில்லிமீட்டர் அகலப் பாதை, அதற்கு மட்டும்தான் அது சரி.

அடுத்து, மேசை. நம் வீவக வீட்டில் ரயிலுக்கு என்று ஓர் அறை ஒதுக்குவது நடக்கிற காரியமில்லை. ஜப்பானிய நிறுவனமான கேட்டோவின் 282 மில்லிமீட்டர் ஆரமுள்ள என்-ஸ்கேல் வளைவில் ஒரு வட்டம் போட்டால், ஓரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். ஜெர்மன் நிறுவனமான மார்க்லினின் எச்ஓ வளைவுகளில் சிறியதாக எல்லாரும் வாங்கும் 360 மில்லிமீட்டர் ஆரத்தில் போட்டால் 80 சென்டிமீட்டரைத் தாண்டும். நீளமான பயணிப் பெட்டிகள் அந்த வளைவில் அசிங்கமாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஈசூனில் இருக்கும் ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது: பழைய தமிழ் முரசுத் தாள்களை ஒட்டி, இந்த அளவில் வட்டமாக வெட்டி மேசைமேல் விரித்துவிட வேண்டும். “தம்பி, ஒரு வாரம் அது மேல வச்சே சாப்பிட்டுப் பாரு. வீட்ல யாரும் திட்டலன்னா டிக்கெட் போடு” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடத் துல்லியமான சோதனை வேறு இல்லை.

டிக்கெட் போடும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வணிகக் கண்காட்சி என்று பெயர் இருந்தால் அது நமக்குத் திறந்திருக்கிறதா என்று. நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில்தான் ஜெர்மன் நிறுவனங்களின் புது வரவுகள் அறிவிக்கப்படுகின்றன என்று படித்துவிட்டு ஜனவரிக் குளிரில் கிளம்ப நினைப்பவர்கள் உண்டு. அது தொழில் செய்பவர்களுக்கு மட்டும். பொழுதுபோக்காளர் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். பிளாஸ்டிக் மாடல்களுக்குப் பேர்போன ஷிஸுவோகாவில் முதல் நாட்கள் வணிகர்களுக்கு, வார இறுதி பொதுமக்களுக்கு. டோர்ட்மண்டில் வசந்த காலத்தில் நடக்கும் இன்டர்மொடெல்பாவ் நம்மைப் போன்றவர்களுக்கானது. தோக்கியோவில் பிக் சைட் கண்காட்சி மண்டபத்தில் நடக்கும் ரயில் மாடல் மாநாடும் அப்படியே. பழைய பயணக் கட்டுரைகளை நம்பாதீர்கள். பர்மிங்ஹாமின் புகழ்பெற்ற வார்லி கண்காட்சி 2023உடன் நின்றுவிட்டது. அதைப் பார்க்கலாம் என்று விடுப்பு கேட்பவரை இன்றும் சந்திக்கலாம்.

அரங்குக்குள் போனதும் கால் நேராகக் கடைகளை நோக்கித்தான் இழுக்கும். இதில்தான் எனக்குக் கடுமையான கருத்து உண்டு: முதல் ஒரு மணி நேரம் பணப்பையைத் தொடாதீர்கள். கடையில் இருப்பது பெரும்பாலும் இணையத்திலும் கிடைக்கும். தான் கட்டிய ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் நிற்கும் மனிதர் இணையத்தில் கிடைக்க மாட்டார். டி-டிராக் என்று ஒரு முறை இருக்கிறது. ஏறக்குறைய ஓர் அடி நீளப் பலகைகளை ஆளுக்கு ஒன்றாகக் கட்டி, கண்காட்சியில் வரிசையாகச் சேர்த்து ரயிலை ஓடவிடுவார்கள். வீட்டில் புத்தக அலமாரியில் வைக்கலாம். வீவக வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைக் கடைகளில் தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. பலகைக்குக் கீழே மின்கம்பி எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள், உட்கார வைத்துக் காட்டுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் காட்டுவார்கள்.

அப்போது முதுகுப்பையைக் கழற்றி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது பை ஓர் ஊரையே இடித்துவிடும். ரயில் தடம் புரண்டால் நீங்களே கை நீட்டி எடுத்து வைக்காதீர்கள்; உரிமையாளரிடம் சொன்னால் போதும்.

நிறுவனங்களின் கூடங்களில் பெயிண்ட் இல்லாத வெள்ளை மாடல்கள் இருக்கும். சோதனை வார்ப்புகள், விற்பனைக்கு அல்ல. விலை கேட்டு நிற்பதை விட, ஜன்னல் வரிசை தப்பாக இருக்கிறது, முகப்பு விளக்கு கீழே இருக்கிறது என்று நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள். அந்த ரயிலில் பயணம் செய்தவர் என்றால் உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

இரண்டாம் கை மேசைகளில்தான் ஆசையும் ஆபத்தும் சேர்ந்து இருக்கும். பழைய வார்ப்பு எஞ்சின்களில் சிங்க் பெஸ்ட் என்று ஒரு நோய் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே விரிந்து வெடித்து உதிரும். ஈரப்பதம் அதை இன்னும் வேகப்படுத்தும். நம் ஊரில் ஈரப்பதத்துக்கா பஞ்சம்! அடிச்சட்டத்தில் மெல்லிய விரிசல், வளைவு, கழற்ற முடியாமல் இறுகிப்போன மேற்கூடு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வைத்துவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது. சக்கரத்தின் ரப்பர் வளையம் காய்ந்திருப்பது வேறு. சில வெள்ளியில் சரி செய்யலாம். சோதனைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும், முக்கியமாக மெதுவாக, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகத்தில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். மலிவாகக் கிடைக்கும் பழைய தண்டவாளம் பித்தளையா என்றும் பாருங்கள். நம் காற்றுக்கு அது சீக்கிரமே கறுத்து மின்சாரம் பாயாமல் சண்டித்தனம் செய்யும். நிக்கல் சில்வர் வாங்குங்கள் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்).

மார்க்லின் எச்ஓ என்றால் தனியாக யோசிக்க வேண்டும். நடுவில் மூன்றாவது மின்தொடர்பு உள்ள முறை அது. அதன் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லாததால், மற்ற நிறுவனங்களின் இரண்டு தண்டவாள முறையில் வைத்ததும் ஷார்ட் ஆகும். டிஜிட்டல் கட்டளையைப் புரிந்துகொள்ளும் டிகோடர் சில்லு இல்லாத பழைய எஞ்சினை, டிசிசி எனும் டிஜிட்டல் முறைத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்தால் மோட்டார் முனகிக்கொண்டே சூடாகும். வீட்டில் இருப்பது அனலாக்கா டிசிசியா என்று கைத்தொலைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

மின்சாரம் என்றதும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அங்கே வாங்கிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை கண்ட்ரோலருக்கு முஸ்தபாவில் ஒரு பிளக் மாற்றி வாங்கிச் சொருகினால் பிளக்தான் மாறும், வோல்ட் மாறாது. புகை வரும், அப்புறம் ரயில் வராது. அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

திரும்பும் வழி. எஞ்சின்களைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கனமான உலோகக் கட்டி எக்ஸ்ரேயில் விசித்திரமாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்லலாம், அதனால் மேலேயே வையுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட், தீப்பிடிக்கும் தின்னர், லாக்கர் இவற்றைக் கண்காட்சியில் மலிவு என்று வாங்கிவிட்டு விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நானும் ஒரு வருடம்.

சாங்கியில் ஜிஎஸ்டி. 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் 500 வெள்ளி வரை விலக்கு. குறைவென்றால் 100 வெள்ளிதான். அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 9 விழுக்காடு. இதில் நம்மில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. முதல் வெள்ளியிலிருந்து வரி. ரசீதுகளைத் தூக்கி எறியாமல், கேட்கும் முன்னால் நீங்களே அறிவித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளை பாம் ஷெல்டரில் அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டம் குறைந்த அறை. அட்டைப்பெட்டியில் பூசணம், நுரையில் பூசணம், பிறகு ரயிலிலும். உலர்பெட்டி இல்லாவிட்டால், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

என் நான்கு பெட்டிகளுக்கு வருவோம். அவற்றுக்குப் பொருந்தும் அடிப்படைத் தொகுப்பைச் சென்ற வருடம் இன்னொரு கண்காட்சியில் கண்டேன். பெட்டியைப் புரட்டி ‘டோர்யோகுஷா’வைத் தேடிப் பிடித்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னேன், மெதுவாக, பின்னோக்கியும். நன்றாக ஓடியது. விலை கேட்டேன். அடிமாட்டு விலை இல்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.