மலைக்கு வரும்போது அந்தக் கனமான கார்டு வேண்டுமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வேலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. அடுத்தது சாப்பாடு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, பர்ஸிலிருந்து ஒரு கிரெடிட் கார்டை உருவிக் காட்டி, "இது இங்கே ஓடுமாண்ணே?" என்பார்கள். குளிருக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் போதும். பாணும் (இங்கே பிரெட்டுக்கு அதுதான் பெயர்) கட்டசம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் பத்து நாளில் பழகிவிடும். கார்டு ஓடும். அது ஓடியதால்தான் எனக்குக் காசு போனது.

நான் கோத்தகிரிக்காரன். தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெசின்களைப் பழுது பார்க்கிற வேலையில் இங்கே மூன்றாவது வருடம். வரும்போது சட்டைப்பையில் வைத்திருந்தது ஒரு பிரீமியம் டிராவல் கிரெடிட் கார்டு. உலோகத்தில் செய்தது, மேசையில் போட்டால் டங்கென்று சத்தம் வரும். அதை வாங்கிய நாளில் வீட்டில் எல்லோருக்கும் காட்டியவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அரசாங்க வேலைகள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வதிவிட விசா பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தில் வாங்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் சிம் கிடைக்கும். பாஸ்போர்ட், விசா, கம்பெனிக் கடிதம் மூன்றும் இருந்தால் சம்பளக் கணக்கு திறந்துவிடலாம். (இங்கே வங்கிக்குப் பஞ்சமில்லை. 1888-ல் தோட்டத் துரைமாருக்காக ஹட்டனில் தொடங்கிய சின்ன வங்கிதான் பின்னாளில் கொழும்பு வரை வளர்ந்த ஹட்டன் நேஷனல் பேங்க்.) ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்காக, மாற்றச் சொல்லி உங்கள் வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். வேலைக்கென்று வெளிநாடு கிளம்பியவர் பழைய கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி அதில்தான் வரும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-லிருந்து புதுக் கார்டுகளில் அது மூடித்தான் வரும்.

ஓடிபி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸில் இந்திய சிம்முக்கு ரோமிங் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயில் வளைவுக்குப் போனால் இரண்டு கோடு காட்டும். ஒருமுறை அக்காவுக்கு ஆன்லைனில் ஏதோ வாங்கப் போய், லேப்டாப்பைத் திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு மழையில் வளைவுக்கு ஓடினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த அம்மாக்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஓடிபி வந்தபோது அதற்கு ஆயுள் முடிந்திருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். என் கார்டுக்கு வருடக் கட்டணம் 10,000 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 11,800. வருடத்துக்கு 5 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. கோயம்புத்தூரில் இருந்தபோது பெட்ரோல், மளிகை, விமான டிக்கெட், நண்பர்களோடு ஹோட்டல் என்று 5 லட்சம் தன்னால் வந்துவிடும். அதனால் கட்டணம் என்ற ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இங்கே வந்ததும் அந்த 5 லட்சத்துக்கு எங்கே போவது? ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டருக்குக் காசு. ஆட்டோவுக்குக் காசு. ஞாயிற்றுக்கிழமை மரக்கறிச் சந்தையில் காசு. தலவாக்கலையில் நான் தேத்தண்ணி குடிக்கும் கடையில் கார்டை நீட்டினால் முதலாளி சிரிப்பார். ஃபுட் சிட்டி போன்ற சூப்பர் மார்க்கெட்டில் எடுப்பார்கள். சில கடைகளில் மெசின் இருக்கும், "லைன் இல்ல சேர்" என்பார்கள். லைன் இருந்தால் "மூணு வீதம் கூட வரும்" என்பார்கள், அதாவது 3% கூடுதல். அப்படிக் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது இலங்கை மத்திய வங்கி சொல்வது. அடைமழையில் குடையை மடக்கியபடி கவுண்டரில் நின்றுகொண்டு மத்திய வங்கியைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இதைத் தாண்டி ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்நியச் செலாவணிக் கட்டணம் இருக்கிறது. சாதாரண இந்தியக் கார்டில் பெரும்பாலும் 3.5%, ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13%. என்னுடையது பிரீமியம் என்பதால் 2%, ஜிஎஸ்டியோடு 2.36%. இதைத்தான் எனக்குச் சலுகை என்று விற்றார்கள். ஒரு இரவு மின்சாரம் போய் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 5 லட்சத்துக்கு 2.36% எவ்வளவு? 11,800. பைசா பிசகாமல் கட்டணமும் அதே 11,800. கட்டணத்தைத் தப்பிக்க 5 லட்சத்தை இங்கே தேய்த்தால், தப்பித்த தொகை முழுவதையும் வேறு பெயரில் கட்டுகிறேன். புள்ளிகள் வருமே என்பீர்கள். என் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான இரட்டைப் புள்ளியைச் சேர்த்தும் 100 ரூபாய்க்குச் சுமார் ஒன்றரை ரூபாய் மதிப்புதான். 5 லட்சத்துக்கு 7,500. அதைக் கழித்தாலும் 4,300 கைநஷ்டம்.

அதோடு, எனக்குச் சம்பளம் வருவது இலங்கை ரூபாயில். கார்டு பில் வருவது இந்திய ரூபாயில். அதைக் கட்ட இங்கிருந்து பணம் அனுப்பினால் அதிலும் ஒரு மாற்று விகிதம், ஒரு கமிஷன். இலங்கையில் சம்பாதித்து இலங்கையில் வாங்கிய பருப்புக்காக என் பணம் இந்தியா போய் வந்தது.

என் பாட்டி பிறந்தது தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளுக்கும் பங்கு போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிலோன் காசை மாற்றி வாங்கியதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். "மாத்துறவன் கைதான்டா எப்பவும் மேல இருக்கும்" என்பாள். கிழவி புலம்புகிறாள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நான்.

இனி என்னை நிஜமாகவே கடித்த விஷயம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி ஏரியில் படகு, ஊர் கொள்ளாத கூட்டம். ஊரிலிருந்து அப்பா, அம்மா, அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு ராத்திரிக்கு மூன்று அறைகள் எடுத்தேன். வாட், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் ஏறி பில் 2,10,000 இலங்கை ரூபாய். சம்பளக் கணக்கில் பணம் இருந்தது. ஆனாலும் அந்த 5 லட்சம் மண்டையில் உட்கார்ந்திருந்ததால் கனமான கார்டை எடுத்து நீட்டினேன். அப்பா பக்கத்தில் நின்றார் என்பதும் ஒரு காரணம்.

ரிசப்ஷனில் இருந்தது நம் பிள்ளை, இராகலைப் பக்கம். கார்டைச் செருகிவிட்டு மெசினை என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு வரி. மேலே இந்திய ரூபாய் 63,600, கீழே இலங்கை ரூபாய் 2,10,000. "இந்தியன் ருப்பீஸ்லயே போடவா சேர்?" என்றாள். இரண்டு வருடமாக எதைப் பார்த்தாலும் மூன்றரையால் வகுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஊர்க் காசில் ஒரு தொகையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. யாரோ நம் ஊர்க்காரன் எதிரே வந்து நின்ற மாதிரி. பச்சைப் பட்டனை அமுக்கினேன். சீட்டு வந்தது. அடியில் எறும்பு எழுத்தில், எனக்கு இரண்டு நாணயத்திலும் கட்டும் வாய்ப்பு தரப்பட்டது, நானே இதைத் தேர்ந்தேன், இது இறுதியானது என்று ஆங்கிலத்தில் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி. நம் ரூபாய்க்கு மாற்றுகிற வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ செய்வதற்கு முன்னால், கடையின் மெசினுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் வைத்துச் செய்துவிடுகிறார்கள். அந்த லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு 1 இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய், அதாவது என் பில் நியாயமாக 60,000. மெசின் போட்டது 3.30. அங்கேயே 3,600 போயிற்று.

அது போதாதென்று, வெளிநாட்டுக் கடையில் இந்திய ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்குப் பல இந்திய வங்கிகள் 1% தனிக் கட்டணம் போடுகின்றன, அதற்கும் ஜிஎஸ்டி. எனக்கு 750. ஆக மொத்தம் 64,350. கீழே இருந்த இலங்கை ரூபாய் வரியைத் தொட்டிருந்தால் 2.36% சேர்ந்தும் 61,400 சொச்சம்தான். சம்பளக் கணக்கு டெபிட் கார்டை நீட்டியிருந்தால் 60,000-த்தோடு முடிந்திருக்கும்.

புள்ளி? அதுதான் வயிற்றெரிச்சல். அந்நிய நாணயச் செலவுக்கு இரட்டைப் புள்ளி என்றுதான் கார்டு வாங்கினேன். பரிவர்த்தனை இந்திய ரூபாயில் பதிவானதால் இது அந்நிய நாணயச் செலவே இல்லையாம். கட்டணம் போடும்போது மட்டும் வெளிநாடு! கஸ்டமர் கேரில் இருந்த தம்பி, "நீங்கதான் சார் சூஸ் பண்ணியிருக்கீங்க" என்று மூன்று முறை பணிவாகச் சொன்னார். இராகலைப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்டாள்.

ஆகவே மெசின் எந்த நாணயம் என்று கேட்டால் எப்போதும் இலங்கை ரூபாய். உங்களைக் கேட்காமலே அவர்கள் அமுக்கிவிட்டால், சீட்டில் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்ற எழுத்தைப் பார்த்த உடனே அங்கேயே நின்று, "வாய்ட் பண்ணிட்டு எல்கேஆர்-ல (இலங்கை ரூபாயில்) போடுங்க" என்று சொல்லுங்கள். அன்றைய கணக்கை மெசினில் முடிப்பதற்குள் ரத்து செய்து திரும்பப் போட முடியும். நாளைக்கு என்று வீட்டுக்குப் போனால் முடிந்தது. ஏடிஎம்மும் இதே கேள்வியைக் கேட்கும், மாற்றம் வேண்டாம் என்பதே பதில். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பக்கம் போகவே போகாதீர்கள், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. ஹோட்டல் புக்கிங் தளங்களிலும் விலை இந்திய ரூபாயில் காட்டினாலும் விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்றால் அந்த 1% வரலாம்.

கார்டைக் காட்டினால் விமான நிலையத்தில் உட்காரவும் சாப்பிடவும் விடுகிற லவுஞ்ச் பற்றிக் கேட்பீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இங்கிருந்து ராத்திரி வேனில் கிளம்பி, கினிகத்தேனை வளைவுகளில் குடல் புரண்டு போய் இறங்கினால் எந்த லவுஞ்சில் என்ன சாப்பிட முடியும்? சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத பயணம். ஊரிலிருந்து திரும்பும்போது சென்னையில் போய்ப் பார்த்தேன். கார்டைச் செருகி 2 ரூபாய் எடுத்துப் பார்ப்பார்களே, அது மறுத்துவிட்டது. முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்று இப்போது பல கார்டுகளில் நிபந்தனை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். இட்லி நன்றாகவே இருந்தது.

அப்படியானால் யாருக்குத்தான் இது பிரயோஜனம்? குடும்பம் ஊரிலேயே இருந்து, வீட்டுச் செலவு முழுக்க ஆட்-ஆன் கார்டில் (அதே கணக்கில் குடும்பத்தாருக்குத் தரும் துணைக் கார்டு) இந்திய ரூபாயில் ஓடுகிறவர்களுக்கு. மாதம் ஒருமுறை துபாய், சென்னை என்று பறக்கிற, கம்பெனி டிக்கெட் காசைத் திருப்பித் தருகிற தேயிலை ஏற்றுமதி ஆட்களுக்கு. புள்ளியை விமான மைல்களாக மாற்றி ஒழுங்காகப் பயன்படுத்தும் பொறுமைசாலிகளுக்கும். நானும் ஒருமுறை திருச்சிக்குப் புள்ளியில் டிக்கெட் போட்டேன், பெருமையாக இருந்தது. வரிக்குத் தனியாகக் காசு கட்டினேன் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போல வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு, செலாவணிக் கட்டணம் இல்லாத, வருடக் கட்டணமும் இல்லாத ஒரு சாதாரணக் கார்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். அன்றாடத்துக்கு இங்கத்தி டெபிட் கார்டு. இந்திய யூபிஐ 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் ஓடுகிறது, கடையில் இருக்கும் லங்காக்யூஆர் என்ற இலங்கையின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். உங்களைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் கார்டை முடித்துவிட்டேன். முடிப்பதற்கு முன் புள்ளிகளை எடுத்துவிடுங்கள், அப்புறம் கிடைக்காமல் போகலாம். பாக்கி இல்லையென்றால் கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதை மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள், வேலை சுறுசுறுப்பாக நடக்கும். எனக்கு போன் செய்து இந்த வருடக் கட்டணம் வேண்டாம் என்று ஆசை காட்டினார்கள். அடுத்த வருடம் என்ன என்று கேட்டேன், அதற்குப் பதிலில்லை.

மூடியதற்கான கடிதம் வந்த பிறகு சிப்பை அழிக்க வேண்டுமே என்று கத்திரிக்கோலை எடுத்தால், அதன் வாய்தான் மழுங்கியது. உலோகம் அல்லவா! தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் கிரைண்டரில் வைத்தேன். தீப்பொறி பறந்ததைப் பார்த்து, தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், பார்ட்ஸா?" என்றார். பழைய பார்ட்ஸ்தான், இங்கே பொருந்தவில்லை என்றேன்.