பேவர் பிளாக் தரை போட ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி

வாயிற்கதவிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை பேவர் பிளாக் பதிக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் முடிவு செய்துவிட்டு, சதுர அடிக்கு என்ன விலை என்று மட்டும் கேட்கிறார்கள். ஒப்பந்ததாரரும் ஒரே தொகையாகச் சொல்லிவிடுவதால், கல்லுக்கு அடியில் என்ன வரப்போகிறது என்ற பேச்சே எழுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பளபளப்பாக முடிந்த தரை, முதல் ஐப்பசி மழைக்குப் பிறகு கார்ச் சக்கரம் ஓடும் இரு தடங்களிலும் பள்ளமாக இறங்கியது. கற்களைப் பெயர்த்துப் பார்த்தபோது, ஓர் அங்குலக் கிரஷர் தூளும் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) அதன் கீழே இறுகாத மண்ணும் மட்டுமே இருந்தன.

ஆகவே விலைப்பட்டியலை அடுக்கு அடுக்காக எழுதித் தரும்படி கேளுங்கள். கார் மட்டும் வந்துபோகும் வீட்டுக்கு 60 மி.மீ. கல், அதன் கீழ் ஏறக்குறைய 30 மி.மீ. மணல், அதன் கீழ் இறுக்கிய பிறகு 150 மி.மீ. நிற்கும் ஜல்லிக் கலவை என்று கணக்கிட்டால், முடிவான தரைமட்டத்திலிருந்து ஒன்பதரை அங்குலம் தோண்டியாக வேண்டும். ஐந்து அங்குலம் தோண்டினால் போதும் என்பவர், அடித்தளத்தைப் போடப்போவதில்லை என்றே பொருள். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணாக இருந்தால், இன்னும் ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணை அகற்றி, கிராவல் நிரப்பி இறுக்குவது அவசியம். தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் வரும் சச்சரவுகளில் பாதி இந்த மண்ணைப் பற்றியதுதான்.

ஜல்லியின் அளவை நீங்களே சரிபார்க்கலாம். 300 சதுர அடிக்கு அரை அடி கனம் என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். இறுக்கும்போது அளவு குறையும் என்பதால், இரண்டு யூனிட் அளவுக்கு வந்து இறங்க வேண்டும். ஒரு யூனிட்டோடு வேலையைத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். கலவையை ஒரே வீச்சில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றையும் பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து அழுத்தும் தட்டு இயந்திரம்) இறுக்க வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் ஒரு நாள் மட்டுமே விடுப்பு எடுக்க முடியுமென்றால், கல் பதிக்கும் நாளுக்குப் பதிலாக இந்த நாளில் வீட்டில் இருங்கள். மேடு பள்ளங்களை ஜல்லி மட்டத்திலேயே சரிசெய்ய வேண்டும். மேலே மணலை மூன்று அங்குலம் போட்டு நிரவினால், அந்த மணல்தான் பிறகு இறங்கும்.

கல்லைப் பொறுத்தவரை ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. அதன்படி இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்35 என்ற கான்கிரீட் வலிமைத் தரமும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. கனமும் அதைவிட வலுவான எம்40 தரமும் வேண்டும். தண்ணீர் லாரி உள்ளே வரும் வீடு என்றால் 80 மி.மீ. கல்லையே கேளுங்கள். கல் உறிஞ்சும் நீர், சராசரியாக அதன் எடையில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே தரநிர்ணயத்தில் உள்ளது. நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் எடைபோட்டால் ஓரளவு தெரிந்துவிடும்: மூன்று கிலோ கல் 180 கிராமுக்கு மேல் கூடினால் அந்தச் சரக்கு சந்தேகத்துக்குரியது. ரப்பர் அச்சில் வார்த்த பளபளப்பான கற்கள் கண்ணைக் கவர்ந்தாலும் மழையில் வழுக்குகின்றன. முதியோர் நடமாடும் வீட்டுக்கு, இயந்திரத்தில் அழுத்திச் செய்த சொரசொரப்பான கல்லையே நான் பரிந்துரைப்பேன்.

ஓரங்களில் கான்கிரீட் கெர்ப், அதாவது கற்களை நகராமல் பிடிக்கும் விளிம்புத் தடுப்பு, கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் விளிம்புக் கற்கள் நகர்ந்து, இடைவெளிகள் விரிந்து, நடுப்பகுதியும் தளர்ந்துவிடும். பத்தடி நீளத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும்படி அமைய வேண்டும். அந்த நீர் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குப் போவதற்கும், பக்கத்து வீட்டு வாசலில் தேங்காமல் இருப்பதற்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள். செப்டிக் டேங்க் மூடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி செல்லும் பாதை ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே மூட விடுங்கள்.

கற்களுக்கிடையே இரண்டு முதல் நான்கு மி.மீ. இடைவெளி விட்டு, காய்ந்த பொடிமணலைக் கூட்டி நிரப்பி, மீண்டும் காம்பாக்டர் ஓட்ட வேண்டும். அந்த மணல்தான் ஒரு கல்லின் மீது விழும் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துகிறது. சிமென்ட் பாலை ஊற்றி அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சம்மதித்தால், பிறகு குழாய் பழுதுக்காக ஒரு கல்லை எடுக்கவும் உடைத்தே தீர வேண்டும்.

பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தை முதல் சித்திரைக்குள் வேலையை முடித்து, தொகையில் பத்தில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்திவைப்பது நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. மழைக்குப் பின் ஒப்பந்ததாரர் வந்து, இறங்கிய இடங்களில் கல்லை எடுத்து, அடித்தளத்தை இறுக்கி மீண்டும் பதித்து, அரித்துப்போன இடைமணலை நிரப்பித் தர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மற்றவை உங்கள் கையில் இருக்கின்றன. எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் தூவி, பிறகு சோப்புத்தூளால் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் கல்லின் சிமென்ட்டையே அரிப்பதால் அதைத் தொடவே வேண்டாம். புதுக் கல்லில் பூக்கும் வெள்ளை உப்பு பெரும்பாலும் சில மழைகளில் தானே மறையும். அதே வார்ப்பில் செய்த கற்கள் இருபதையாவது வாங்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.