டிரில்லில் வந்த கார்டு பாஸ் ஸ்பாரிங்கில் வராத கதை

தரையில் பிடித்து மல்லுக்கட்டும் ஜியு ஜிட்சுவில் எனக்கு ஒரே தொல்லை. எதிராளியின் காலைத் தாண்டும் கார்டு பாஸ், எதிர்ப்பில்லாமல் திரும்பத் திரும்பப் பழகும் டிரில்லில் வெண்ணெய் மாதிரி வரும். நிஜமாக மோதிப் பார்க்கும் ஸ்பாரிங்கில் அவர் முழங்கால் குறுக்கே வந்து, என் ஒரு கால் அவர் கால்களுக்கு நடுவே சிக்கும் அரை கார்டில் மாட்டிக்கொள்வேன்.

பக்கத்துக்கு 50 தடவை என்று டிரில்லைக் கூட்டினேன். பயனில்லை. இடுப்பு இறுக்கம்தான் காரணமென்று 3 வாரம் ஸ்ட்ரெச்சிங். அதுவும் வீண்.

போனில் எடுத்த வீடியோவில்தான் பிடிபட்டது. டிரில்லில் கீழே இருப்பவர் தலையைப் பாயில் சாய்த்துவிடுகிறார். ஸ்பாரிங்கில் தலையைத் தூக்கி, என் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார். நான் இத்தனை நாள் பழகியது ஒரு பொம்மையோடு!

டிரில்லை நிறுத்தி, 2 நிமிட விளையாட்டு வைத்தோம். அவர் முழங்கால்களை எங்களுக்கு நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். நான் அவர் தோள்கள் இரண்டையும் பாயில் 3 விநாடி அழுத்த வேண்டும். எப்படி என்று யாரும் சொல்லக்கூடாது. உடல் அசைவை வடிவமைப்பவை என்று இயக்க ஆய்வாளர் கார்ல் நியூவெல் 1986-ல் எழுதிய மூவகைக் கட்டுப்பாடுகளில் (ஆள், சூழல், பணி) 'பணி சார்ந்தது' என்பது இதுதான்.

முதல் நாள் சொதப்பல். நான் தள்ளி நின்றே நேரம் கடத்தினேன். அவர் மேலிருந்து கை எடுத்தால் எனக்குத் தோல்வி என்று ஒரு விதி சேர்த்ததும் ஆட்டம் சூடுபிடித்தது. இரண்டாம் வாரம் என்னையறியாமல் முதலில் தலையையும் தோளையும் அமுக்கிவிட்டு, அப்புறம்தான் காலைத் தாண்டினேன். இப்போது அரை கார்டில் எப்போதாவதுதான் மாட்டுகிறேன்.