டி.டி. கேஸில் மாட்டினால் என்ன ஆகும்? படிப்படியாகப் பார்ப்போம்

"பத்தாயிரம் கட்டினா முடிஞ்சுடும், விடுடா." என் மச்சான் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய ராத்திரி அவருடைய நண்பர்கள் சொன்ன ஆறுதல் இதுதான். பணத்தைக் கட்டினார், ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அதன்பிறகு ஆறு மாதம் ஷேர் ஆட்டோவில்தான் வேலைக்குப் போனார்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் போடும் வழக்கைத்தான் சென்னையில் டி.டி. கேஸ் என்கிறார்கள். சட்டப்படி அது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. ஹெல்மெட் போடாததற்கு விதிக்கும் அபராதம் போல ரோட்டிலேயே தீர்த்துக்கொள்ள முடியாது. கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஸ்கூட்டரா காரா என்பதெல்லாம் கணக்கில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வரம்பு 80. அங்கிருந்து லீவில் வரும் சித்தப்பா "ரெண்டு பீர்தானே" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மறுநாள் காலையிலும் மாட்டலாம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். நள்ளிரவில் 120 இருந்தவருக்கு 30-க்கு இறங்கவே காலை ஆறு மணி ஆகிவிடும். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் இதை வேகப்படுத்தாது.

படி 2: ஊத மறுக்காதீர்கள்

குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்து, போலீஸ் நீட்டும் மதுச் சோதனைக் கருவியில் நீங்கள் ஊதவும் மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்த விஷயத்தையே கோர்ட்டில் உங்களுக்கு எதிராகச் சொல்லவும் முடியும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட வேண்டும். விட்டுவிட்டதால் வழக்கும் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 3: ரசீது வாங்குங்கள்

லைசென்ஸை எடுத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், பின்னால் உட்கார்ந்து வந்த நண்பருக்கும் ஒரு வார்த்தை. குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாக 188-வது பிரிவில் அவர்மேலும் வழக்கு வரலாம், தண்டனையும் ஓட்டியவருக்கு உள்ளதுதான். சென்னையில் 2022 அக்டோபரிலிருந்து இப்படி வழக்குப் போட ஆரம்பித்தார்கள்.

படி 4: கோர்ட்டில் வாயைத் திறக்கும் முன்

முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் குற்றத்துக்கு "2,000 ரூபாய் வரை" என்று இருந்தது. இப்போது சட்டத்தில் அந்த "வரை" இல்லை. பேரம் பேச இடமில்லை.

மச்சான் சறுக்கியது இங்கேதான். சீக்கிரம் ஆபீஸ் போகலாம் என்று "ஒத்துக்கிறேன்" என்றார். ஒத்துக்கொண்டால் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். 185-ல் தீர்ப்பானால், குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தகுதியிழப்பு செய்தே ஆக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 20-வது பிரிவு. ஒத்துக்கொள்வதில் தப்பில்லை, பலருக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் அதனால் என்னவெல்லாம் போகும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆறு மாத லைசென்ஸ், பத்தாயிரத்தைவிடப் பெரிய தொகை.

படி 5: யாருக்காவது அடிபட்டிருந்தால்

அப்போது இது வெறும் 185 கிடையாது. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று எடுத்துக்கொண்டு தந்த மூன்று ஆண்டு சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குரிய 105-வது பிரிவில் பத்து ஆண்டு வரை போடலாம்.

படி 6: இன்சூரன்ஸ்

உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்துபோனது. ஓட்டியவரை யாரும் ஊதச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. மது வாடை அடித்தது என்று மருத்துவக் குறிப்பில் இருந்தது. மற்ற சூழ்நிலைகளோடு அதைச் சேர்த்துப் பார்த்த உச்ச நீதிமன்றம், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021-ல் சொல்லிவிட்டது.