அரசு ஊழியர் ஓய்வூதியம் நியாயமானதா? எடைபோடும் முறை

அரசு ஊழியரின் ஓய்வூதியம் நியாயமானதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அவர் பணியில் சேர்ந்த நாளைக் கேளுங்கள். மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்கும் தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1-க்கும் முன்னர் சேர்ந்தவர்கள், கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தரும் பழைய திட்டத்தில் இருக்கிறார்கள். பின்னர் சேர்ந்தவர்களிடம் மாதந்தோறும் பங்களிப்பு பிடிக்கப்படுகிறது. ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு இடையிலேயே இந்தப் பிளவு இருக்கும்போது, எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பேசுவது தவறு.

அடுத்து, தொகையைவிட இடர் யார் தலையில் விழுகிறது என்பதைக் கணக்கிடுங்கள். கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் என்றால் பழைய திட்டத்தில் 30,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் கிடைக்கும். பங்களிப்பு முறையிலான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 60 லட்சம் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், குறைந்தது 40 சதவீதமான 24 லட்சத்துக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் (மொத்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதந்தோறும் தொகை பெறும் ஏற்பாடு) வாங்க வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 12,000 ரூபாய். மீதி 36 லட்சம் கைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் சந்தை சரிந்தாலும் விலைவாசி ஏறினாலும் சுமப்பவர் ஊழியரே.

ஓய்வூதியம் கருணைத் தொகை அன்று, செய்த பணிக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் பழைய திட்டத்தின் செலவு நடப்பு வரிப்பணத்திலிருந்தே போகிறது என்பதால், மாநில வரவு செலவு அறிக்கையில் ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் வருவாயில் எவ்வளவை விழுங்குகின்றன என்பதையும் அவசியம் பாருங்கள்.

தனியார் தொழிலாளியோடு ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயாகவே நின்றது, அகவிலைப்படியும் கிடையாது. அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் பக்கத்து வீட்டு ஆசிரியரின் ஓய்வூதியத்தைக் குறைப்பதால் அந்த 1,000 ரூபாய் கூடிவிடாது.

இறுதியாக, குடும்ப ஓய்வூதியத்தையும் கணக்கில் சேருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியர் இறந்தபின் துணைவருக்கு அந்த ஓய்வூதியத்தில் 60 சதவீதம் உறுதி. ஆண்டுத்தொகையிலோ, தேர்ந்தெடுத்த வகையைப் பொறுத்தே துணைவருக்குக் கிடைப்பது அமையும்.