நிலத்தடி நீர் மாதிரி: கிணற்றடியிலேயே கெட்டுப்போகாமல் எடுப்பது எப்படி?

நிலத்தடி நீர் மாசு ஆய்வில் பல பிழைகள் கிணற்றடியிலேயே பிறந்துவிடுகின்றன. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பாட்டிலுக்குள் வந்த நீரைத்தான் அளக்கும். நிலத்தடியில் ஓடும் நீரே பாட்டிலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

பம்பை இறக்குவதற்கு முன் நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றுக் குழாயில் தேங்கிய நீர் காற்றுபட்டு மாறியிருக்கும். அது வெளியேற வேண்டும். குழாய் நீரைப்போல் மூன்று மடங்கு இறைப்பது பழைய வழக்கம். 10 செ.மீ. உள்விட்டக் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் சுமார் 79 லிட்டர். மூன்று மடங்கு 236 லிட்டர். மாசுபட்ட நீர் என்றால் அவ்வளவையும் தரையில் கொட்டிவிட முடியாது. கண்காணிப்புக் கிணறுகளில் நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வரை மெதுவாக இறைப்பதே மேல். நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாக இழுத்தால் அடிச்சேறு கலங்கி உள்ளே வரும்.

3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பி.எச். 0.1க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், கரைந்த ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால் மாதிரி எடுக்கலாம். இந்த அளவுகளைப் பார்க்கும் கருவிகள் செருகிய அளவீட்டுக் கலத்தின் வழியாக வந்த நீரைப் பிடிக்காதீர்கள். அதைக் கழற்றிவிட்டு நேராகப் பிடியுங்கள்.

எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான மாதிரியை முதலில் பிடியுங்கள். 40 மி.லி. கண்ணாடிக் குப்பியை விளிம்பில் நீர் ததும்பி நிற்குமளவு நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதியதில் பிடியுங்கள்.

ஆர்செனிக்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். மேலே வந்து காற்றுபட்டதும் அது துருவாகப் படியும். ஆர்செனிக்கும் அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும். அந்த நீரை மாலையில் அறைக்குக் கொண்டுபோய் வடிகட்டினால், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிய கிணறுகூட நல்ல கிணறாகத் தெரியும். குடிப்பவருக்கு அது பெருந்தீங்கு. அதனால் 0.45 மைக்ரான் வடிகட்டியைப் பம்பிலிருந்து நீர் வெளிவரும் குழாயிலேயே பொருத்தி, அங்கேயே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். முதலில் வடிகட்டல், பிறகே அமிலம். மாற்றிச் செய்தால் களிமண் துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து அளவை ஏற்றிக்காட்டும். மக்கள் குடிக்கும் கிணறு என்றால் வடிகட்டாத நீரிலும் ஒரு பாட்டில் எடுத்து அமிலமிடுங்கள். அவர்கள் வடிகட்டிக் குடிப்பதில்லையே.

நைட்ரேட் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் படவே கூடாது. 4 டிகிரி செல்சியஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரியும் (அதே கிணற்றில் இன்னொரு முறை பிடித்தது), தூய நீர் நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றும் சேருங்கள். முடிவுகள் வந்ததும் நேர் அயனி, எதிர் அயனி மின்னூட்டங்களின் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுங்கள்; இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சமநிலைப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் காரத்தன்மையை (பெரும்பாலும் நீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு) சந்தேகியுங்கள்: கிணற்றடியிலேயே அளக்காமல் விட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் பாட்டிலின் அடியில் படிந்திருக்கும்.